படத்தில் தெரியாத வலி

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இரத்தப் பரிசோதனையும் செய்தாயிற்று. கையிலிருந்த பணத்தையெல்லாம் செலவழித்து ஸ்கேனும் பார்த்தாயிற்று. "எல்லாம் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொல்லியனுப்புகிறார். ஆனாலும் பிடரியிலும் தோள்பட்டையிலும் குடிகொண்டிருக்கிற வலி மாத்திரம் போகவில்லை. பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில், இப்படிப்பட்ட வேதனையோடு நாட்களைக் கடத்துகிறவர்கள் அநேகர். வீட்டிலுள்ளவர்கள் முதலில் பரிதபிக்கிறார்கள், தைலம் தேய்த்துவிடுகிறார்கள். ஆறு மாதம் சென்றபின், "எப்போது பார்த்தாலும் இதே பல்லவிதானா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். ஜெபித்தும் தீரவில்லையே, விசுவாசம் போதாதோ என்று காதுபடப் பேசுகிறவர்களும் உண்டு. இவ்விதமாக வலியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது.

அன்பான வாசகர்களே, படத்தில் தெரியாததினால் ஒரு வலி பொய்யாகிவிடாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் டிஸ்க்கையும் நரம்பையும் காட்டும். ஒரு தசை நாள் முழுவதும் இறுகி நிற்பதையோ, அதை மூடியிருக்கிற உறை வழுக்காமல் தடைபடுவதையோ வழக்கமான பரிசோதனைகள் காட்டுவதில்லை. அதை விரலால் தொட்டு, அழுத்தி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அறியவேண்டும். அதற்கு மருத்துவருக்கு நேரம் வேண்டும். நெரிசல் மிகுந்த ஓ.பி.யில் கிடைக்காத ஒன்று அந்த நேரந்தான்.

ஆரஞ்சுச் சுளையின் தோல்

ஆட்டிறைச்சியை அரிந்திருக்கிறவர்கள் அறிவார்கள்: சதையின்மேல் வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தியால் நெம்பினால் அது தாளைப்போல உரிந்து வரும். நம்முடைய சரீரத்திலும் ஒவ்வொரு தசையையும், தசைக்குள்ளிருக்கிற ஒவ்வொரு கற்றையையும் இப்படிப்பட்ட சவ்வு சுற்றியிருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் சுளைக்கு ஒரு தோல், சுளைக்குள்ளிருக்கிற சின்னஞ்சிறு முத்துக்களுக்கும் ஒரு தோல் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். இதைத் தசையுறை என்று அழைப்போம்.

நெடுங்காலமாக மருத்துவ மாணவர்கள் உடற்கூறு படிக்கும்போது இந்த உறையை வெட்டி ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருக்கும் தசையைத்தான் பார்த்தார்கள். பொருளை எடுத்துக்கொண்டு பொட்டலத்தைக் குப்பையில் போடுவதுபோல. இந்த உறையை மாத்திரம் ஆராய்கிறவர்களின் முதல் உலக மாநாடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கூடியது 2007-ம் ஆண்டில்தான். பொட்டலம் என்று எண்ணப்பட்ட இந்த உறையில் வலியை உணரும் நரம்பு முனைகள் ஏராளமாக இருப்பதும், அடுக்கடுக்கான அதன் படலங்கள் வழவழப்பான ஒரு திரவத்தின் உதவியால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் என்பவரின் குழுவினர், நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்களின் முதுகை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். வலியில்லாதவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களுடைய முதுகுத் தசையுறை சுமார் 20 சதவீதம் குறைவாக வழுக்கியது. அசையாமலிருந்ததால் உறை இறுகியதா, உறை இறுகியதால் அசையமுடியாமற் போயிற்றா என்பதை அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை.

பிழை ஓரிடம், வலி வேறிடம்

1938-ல் லண்டனில் ஜான் கெல்கிரன் என்ற இளம் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தம்முடைய தசைகளிலும், சம்மதித்த மற்றவர்களின் தசைகளிலும் உப்புக்கரைசலை ஊசியால் செலுத்தினார். ஊசி குத்திய இடத்தோடு நில்லாமல், அதற்குத் தூரமான இடங்களிலும் வலி தோன்றியது. ஒவ்வொரு தசைக்கும் வலியை அனுப்புகிற ஒரு வழி இருப்பதுபோலக் காணப்பட்டது.

இந்த வழிகளைத் தசை தசையாகப் படம் வரைந்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். முதுகுவலியால் மிகவும் வருந்திய ஜான் கென்னடிக்குச் சிகிச்சை அளித்தவர் இவரே. கென்னடி 1961-ல் குடியரசுத் தலைவரானபோது வெள்ளை மாளிகையின் மருத்துவராகவும் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். டேவிட் சைமன்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் 1983-ல் வெளியிட்ட பெரிய நூலில், இறுகிய தசைக்கற்றைக்குள் தொட்டாலே சுரீர் என்று வலிக்கும் சிறிய முடிச்சு போன்ற இடத்தை 'டிரிகர் பாயிண்ட்' என்று அழைத்தார்கள். நாம் அதை வலிமுடிச்சு என்று சொல்லுவோம்.

தோளின் மேற்புறத்துத் தசையிலுள்ள முடிச்சு, கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டில் வலியை உண்டாக்கும். தலைவலி என்று எண்ணிக் கண் பரிசோதனை செய்து மூக்குக்கண்ணாடியை மாற்றுகிறவர்கள் உண்டு. தோள் எலும்பின் பின்புறத் தசையிலுள்ள முடிச்சு, தோளின் முன்பக்கம் வலித்துக் கை வரைக்கும் இறங்கும். பிட்டத்தின் உட்தசையிலுள்ள முடிச்சு தொடை வழியாகக் கால் வரைக்கும் இழுக்கும். அதைப் பார்த்து 'சயாட்டிகா, நரம்பு அழுந்திவிட்டது' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நம்முடைய ஜனங்களோ இவையெல்லாவற்றையும் 'வாய்வுப் பிடிப்பு' என்று சொல்லிப் பூண்டும் பெருங்காயமும் சாப்பிடுவார்கள். பிடிப்பு என்ற வார்த்தை மிகச் சரியானது; வாய்வுக்குத்தான் அதில் பங்கில்லை.

இந்த முடிச்சுகளைக்குறித்து நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஒரே நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற இரண்டு பேர் எப்போதும் ஒரே இடத்தில் முடிச்சைக் காண்பதில்லை. கோளாறு தசையில் அல்ல, நரம்பு மண்டலத்தில்தான் என்று 2015-ல் சில ஆய்வாளர்கள் வலுவாக வாதாடினார்கள். விளக்கத்தில்தான் சண்டை, வலி இருக்கிறதா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்றாலும், ஒரே அமர்வில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கையாயிருக்க இந்தச் சண்டை ஒன்றே போதும்.

முதலில் எழுந்து கடைசியில் உறங்கும் இழை

பெங்களூரு பீன்யாவிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். அவள் பாரம் தூக்குகிறதில்லை. துணியை நகர்த்த இரண்டு கைகளையும் சற்றே முன்னுக்கு நீட்டி, தலையைக் குனிந்து, மணிக்கு இத்தனை உருப்படி என்ற டார்கெட்டை முடிக்கவேண்டும். "உட்கார்ந்த வேலைதானே" என்று மற்றவர்கள் சொல்லுகிறார்கள். உண்மையில் அவளுடைய தோள் தசைகள் காலை முதல் மாலை வரைக்கும் ஒரு கணமும் தளராமல் கைகளைத் தாங்கி நிற்கின்றன.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஒருவர் 1991-ல் இதற்கு அழகான விளக்கம் ஒன்றை முன்வைத்தார். ஒரு தசையிலுள்ள எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. சிறிய இழைகள் முதலில் வேலைக்கு வருகின்றன. கடைசியில்தான் ஓய்வுக்குப் போகின்றன. வேலை இலேசானதாயிருந்தாலும் முற்றிலும் ஓய்வு கிடைக்காவிட்டால் அந்தச் சிறிய இழைகளே நைந்துபோகின்றன. அதிகாலையில் எல்லாருக்கும் முன்னே எழுந்து இரவில் எல்லாருக்கும் பின்னே உறங்கும் கதைப்பெண்ணாகிய சிண்டரெல்லாவின் பெயரையே அந்தக் கருத்துக்கு வைத்தார். நம்முடைய வீடுகளில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

இறுகிய இழைகளுக்கிடையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, பிராணவாயு குறைகிறது, இறுக்கத்தைத் தளர்த்தத் தேவையான சக்தியும் உண்டாகாமற்போகிறது. இப்படி ஒரு வட்டம் சுழலுவதாகப் பலர் கருதுகிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் ஜெய் ஷாவும் அவருடைய குழுவினரும் மிக மெல்லிய ஊசியினால் தோள் தசைக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதித்து, 2005-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வலிக்கும் முடிச்சு உள்ளவர்களிடம் அமிலத்தன்மையும் வலியைத் தூண்டும் பொருட்களும் மிகுதியாயிருந்தன. "கற்பனை வலி" என்று சொல்லுகிறவர்களுக்கு இதுவே பதில்.

வலி மூன்று மாதங்களுக்குமேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் தசையோடு நரம்பு மண்டலமும் மாறிவிடக்கூடும். கூட்டத்தில் மைக்கின் சத்தத்தை மிகுதியாகக் கூட்டிவைத்துவிட்டால், மெல்லப் பேசினாலும் ஒலிபெருக்கி வீறிடுகிறதல்லவா? அப்படியே தண்டுவடமும் மூளையும் சிறு உணர்வையும் பெரிய வலியாக ஒலிக்கச் செய்கின்றன. கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற விஞ்ஞானி 1983-ல் இதைச் சோதனையின் மூலம் காட்டினார். சரீரம் முழுவதும் வலி, தீராத அசதி, உறங்கி எழுந்தும் உறங்காததுபோன்ற நிலை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்ற நிலைமையையும் மருத்துவர் யோசிக்கவேண்டும்.

தூக்கத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. டொரண்டோவில் ஹார்வி மால்டோஃப்ஸ்கி 1975-ல் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களை ஆழ்ந்த உறக்கத்தில் மாத்திரம் கலைத்துவந்தார். சில இரவுகளுக்குள் அவர்களுக்கும் தசைவலி வந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து, ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர் எழுந்து புறப்படும் பட்டணத்து வாழ்க்கையில், வலி மாத்திரைக்குமுன் யோசிக்கவேண்டியது உறக்கத்தைத்தான்.

தேய்மானம் என்ற பயம்

ஸ்கேனில் ஒன்றுமில்லாதவர்களின் கதை ஒருபுறம். ஏதோ ஒன்று காணப்பட்டவர்களின் கதை அதைவிடப் பரிதாபமானது. 'டிஸ்க் தேய்மானம்', 'டிஸ்க் பிதுக்கம்' என்ற வார்த்தைகளை ரிப்போர்ட்டில் வாசித்த நாள் முதல் குனியவும் குடம் தூக்கவும் பயந்து படுத்துவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதுபோல டிஸ்க்கும் மாறுகிறது. ஸ்கேனில் தெரிகிற மாறுதல்தான் வலிக்குக் காரணம் என்று அறுதியிட, சோதனையில் நரம்பு பாதிப்பின் அடையாளங்களும் அதோடு ஒத்துப்போகவேண்டும்.

ஆகிலும் எந்த வலியையும் தசைவலி என்று தாமாகவே தீர்மானித்துவிடக்கூடாது. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் முதுகுவலியோடு சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நெருக்கமான குடியிருப்புகளில் இதை மறக்கலாகாது. மார்பிலும் இடது கையிலும் தாடையிலும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் தைலத்தைத் தேடாமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போகவேண்டும். சிறுநீர் அடக்கமுடியாமை, மறைவிடத்தில் மரத்துப்போதல், காலில் பலமின்மை ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காலையில் அரைமணி நேரத்துக்குமேல் முதுகு விறைத்திருந்து நடக்க நடக்க இலகுவாகிறது என்று சொல்லும் வாலிபருக்கு மூட்டுவாத நோயாயிருக்கலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் டி, பி12 குறைவு, கொழுப்பைக் குறைக்கச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவையும் தசைவலியை உண்டாக்கும். வெயில் மிகுந்த நம் தேசத்தில் வைட்டமின் டி குறைவா என்று வியக்கவேண்டாம்; விடிவதற்குமுன் ரயிலேறி இருட்டியபின் வீடு திரும்புகிறவர்மேல் எந்த வெயில் படும்?

கையும் வெந்நீரும் இரண்டு நிமிடமும்

இனி சிகிச்சைக்கு வருவோம். வீட்டில் செய்யத்தக்கவற்றில் முதலாவது ஒத்தடம். வெந்நீர்ப் பையோ, பொறுக்கத்தக்க சூட்டிலுள்ள நொச்சி இலை ஒத்தடமோ, பதினைந்து நிமிடம் போதும். சர்க்கரை நோயினால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை மற்றவரின் கையால் பார்த்துக்கொள்ளவேண்டும்; கொப்பளித்தபின் அறிந்து பயனில்லை.

ஒத்தடத்துக்குப்பின் ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, வலிமுடிச்சின்மேல் மெதுவாக அழுத்தி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நில்லுங்கள். "வலிக்கிறது, ஆனாலும் இதமாயிருக்கிறது" என்ற அளவே சரியான அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க நேர்ந்தால் அது மிகுதி. முதுகெலும்பின்மேலும் கழுத்தின் முன்புறத்திலும் அழுத்தவேண்டாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஆழமாக அழுத்தக்கூடாது. பின்பு ஒரு கையால் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டு, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து, தோள் மெல்ல நீளும்படி இருபது எண்ணும் வரைக்கும் இருங்கள். இரண்டு பக்கமும் மூன்று தடவை.

இவை ஆறுதல் தரும். நிலையான பலனோ தசையைப் பலப்படுத்துவதினால்தான் வருகிறது. இதை அநேகர் நம்புவதில்லை. வலிக்கிற தசைக்கு வேலை கொடுப்பதா என்று கேட்கிறார்கள். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியுள்ள 198 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ரப்பர் நாடாவை இழுத்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியை ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 2 நிமிடமும், மற்றொரு பிரிவினர் 12 நிமிடமும் செய்தார்கள். பத்து வாரங்களில் இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. நேரமில்லை என்று சொல்லுகிற பட்டணத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ரப்பர் நாடா கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். முதல் பத்து நாட்கள் வலி சற்றுக் கூடினாலும் மறுநாளுக்குள் தணிந்தால் தொடருங்கள். தணியாவிட்டால் பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தவேண்டாம்.

வேலை செய்யும் விதத்தையும் சற்று மாற்றலாம். அரைமணிக்கு ஒருமுறை கைகளை மடியில் தொங்கவிட்டுப் பத்து மூச்சு விடுவது அந்தச் சிறிய இழைகளுக்கு விடுமுறை. லோக்கல் ரயிலில் ஒரே தோளில் தொங்கும் பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். மாடிக்கு ஒரு குடமாகச் சுமப்பதைவிட இரண்டு சிறிய வாளிகளாக இரு கைகளிலும் சுமப்பது நல்லது. முழு இரவுக் கூட்டங்களில் தரையில் சம்மணமிட்டு ஒரே நிலையில் அமர்ந்திருக்கிற முதியோருக்குச் சுவரோரத்தில் இடமும், நடுவில் எழுந்து நடக்கச் சுதந்தரமும் கொடுக்கலாம்.

பிசியோதெரபிஸ்டிடம் போகிறவர்களில் பலர், மின்கருவியை வைத்துக்கொண்டு படுத்திருப்பதே சிகிச்சை என்று எண்ணுகிறார்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் உங்களைத் தொட்டுப் பார்ப்பார், அசையச் சொல்லுவார், வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பார். மும்பையில் ஹாஜி அலி அருகே 1955 முதல் நடந்துவரும் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையமும், நகரத்து அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிசியோதெரபி பிரிவுகளும் இதற்கென்றே இருக்கின்றன. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறவர்கள் அந்த மருத்துவமனையைக் கேட்டுப் பெறலாம். மெல்லிய ஊசியை முடிச்சில் குத்தும் முறை சிலருக்குச் சில வாரங்கள் சுகம் தருகிறது. ஆனால் தோளிலும் விலாவிலும் தவறிக் குத்தினால் நுரையீரல் துளைபடக்கூடும். பயிற்சி பெற்றவரல்லாதவரிடம் போகவேண்டாம். சலூனில் முடிவெட்டியபின் கழுத்தைச் 'சடக்' என்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அபூர்வமாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

மாத்திரைகளைப்பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இரண்டு மூன்று நாட்கள் சாப்பிடுவது வேறு. மாதக்கணக்கில் டீயோடு விழுங்குவது வேறு. வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகக் கெடுதியும் ஓசையில்லாமல் வரும். ஒரே வேளையில் எல்லா வலியும் பறந்துபோகும் என்று விற்கப்படும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்குமட்டும் அது தெரியாது. இதற்கு நேர்மாறாக, நாள்பட்ட வலிக்கு மருத்துவர் எழுதும் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் போன்றவற்றை, "இது மனச்சோர்வு மாத்திரையாமே, என்னைப் பைத்தியம் என்கிறாரா?" என்று குப்பையில் போடுகிறார்கள். மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். ஆனால் மேலே சொன்ன ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கவும் அவை உதவுகின்றன என்பதினாலேயே எழுதப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; தாமாக நிறுத்தவும் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரையுங்கள். வலிக்கிற இடங்களையெல்லாம் பென்சிலால் தீட்டுங்கள். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் கூடுகிறது, எதில் குறைகிறது, இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், என்னென்ன மாத்திரை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். இந்தி, மராத்தி, கன்னடம் சரியாகப் பேச வராத தாய்மார்களுக்குப் பிள்ளைகள் இதைச் செய்துகொடுக்கலாம். உள்ளே கிடைக்கிற மூன்று நிமிடத்தில் ஸ்கேன் உறையை நீட்டுவதற்குமுன் இந்தத் தாளை நீட்டி, "டாக்டர், இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள்" என்று கேளுங்கள்.